காலை வரை காத்திருக்கட்டும் கையொப்பம்

வங்கிப் பணியில் 31 ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அவற்றுள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கிளை மேலாளராக இருந்தேன். கடன் கேட்டு எதிரில் வந்து அமர்ந்தவர்களிடம் அக்காலத்தில் ஓர் அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: "அவசரத் தேவைக்காக வைப்புத்தொகையை முறிக்க வேண்டாம், அதன் பேரிலேயே குறைந்த வட்டியில் கடன் பெறலாம். வேறு கடனை நாடுமுன் அதைப் பாருங்கள்."

சென்ற ஆண்டு அந்த அறிவுரையை நானே மறந்தேன். என் துணைவியாருக்குத் திடீரென அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நாக்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நடைகூடத்து நாற்காலியில் இரண்டு இரவுகள் கண்ணயராமல் கழிந்தன. மூன்றாம் இரவு இரண்டு மணி இருக்கும். மறுநாள் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிய கவலையோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னரே ஒப்புதல் அளிக்கப்பட்ட கடன் ஒன்று காத்திருப்பதாகவும், அச்சலுகை அன்றிரவோடு முடிவதாகவும் ஒரு செயலி அறிவித்தது. நான்கு நிமிடங்களில் 4 இலட்சம் ரூபாய் என் கணக்கிற்கு வந்து சேர்ந்தது. வட்டி விகிதத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. அது என்னை உறுத்தியதாக நினைவில்லை.

அந்நேரத்தில் என் பெயரில் 6 இலட்சம் ரூபாய் நிலை வைப்பாக இருந்தது. அதன் பேரிலான கடனை அதே கைபேசியில், அதே நள்ளிரவில் பெற்றிருக்க முடியும். வட்டி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அறியாமையால் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மறுநாள் மாலை பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த மகள் என் முகத்தைப் பார்த்ததுமே, "அப்பா, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டிற்குப் போய் முதலில் உறங்குங்கள்" என்றாள். ஒன்பது மணி நேரம் உறங்கினேன். காலையில் எழுந்து, தேநீரோடு அந்தக் கடன் ஆவணத்தைத் திறந்தபோது, முந்தைய இரவு பார்த்த அதே எண்தான் கண்ணில் பட்டது. ஆனால் இம்முறை வயிற்றில் ஏதோ இறுகியது. "இதற்கா ஒப்புக்கொண்டோம்?" என்று தோன்றியது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததால் கவலை சற்றுத் தணிந்திருந்தது என்பது உண்மை. எனினும் அந்த இரவின் மனிதருக்கும் காலையின் மனிதருக்கும் இடையிலிருந்த பெரிய வேறுபாடு உறக்கம்தான். அது என் மூளையில் எதை மாற்றியது என்று அறியும் ஆவலில் சில மாதங்கள் படித்தேன். படித்ததன் பயனாக எனக்குத் தோன்றிய கருத்தை இங்கே முன்வைக்கிறேன். பூட்டு, கடவுச்சொல் ஆகியவற்றைப் போல உறக்கமும் நம் பணத்தைக் காக்கும் ஓர் ஏற்பாடு. அதை வாடிக்கையாளர் தமக்குத் தாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். நிதி நிறுவனங்களும் அதற்கு இடமளிக்க வேண்டும்.

விலையைக் கண்டதும் மூளை செய்வது

2017-ஆம் ஆண்டின் நோபல் பரிசுப் பட்டியலில் ஒரு பொருத்தம் உண்டு. அவ்வாண்டு மருத்துவத்திற்கான பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் உடலின் உள்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டில் பொருளாதாரத்திற்கான பரிசைப் பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தைச் செலவிடும்போது கணக்குப் பார்க்கும் இயந்திரங்களைப் போல நடந்துகொள்வதில்லை என்று வாழ்நாளெல்லாம் காட்டி வந்தவர். இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று அறியாதவை போலத் தோன்றும். ஆனால் இரவில் கைபேசியைப் பிடித்திருக்கும் வாடிக்கையாளரிடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

முதலில் செலவைப் பற்றிப் பார்ப்போம். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்திருந்த 26 பேருக்கு முதலில் ஒரு பொருளும், பின்னர் அதன் விலையும் காட்டப்பட்டன. வாங்குவதா வேண்டாமா என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். விரும்பிய பொருளைக் கண்டபோது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் பகுதி கூடுதலாக இயங்கியது. கிடைக்கப்போகும் நன்மையை எதிர்நோக்கும் வேளையில் எழுச்சி பெறும் பகுதி அது. விலை மிகையாக இருந்தபோது இன்சுலா என்னும் பகுதி கிளர்ந்தது. வலி, அருவருப்பு போன்ற உணர்வுகளோடு தொடர்புடையது இன்சுலா. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, இப்பகுதிகளின் இயக்கத்தைக் கொண்டு அவர் வாங்குவாரா மாட்டாரா என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

நாம் "மனம் கேட்கவில்லை" என்றும் "கை வரவில்லை" என்றும் சொல்வதற்கு மூளையில் இப்படி ஒரு நிகர் இருக்கிறது. ஆசை ஒரு தட்டிலும், இழப்பின் வலி மறுதட்டிலும் இருக்கின்றன. இத்துறையின் முன்னோடிகளான டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட கோட்பாடும் இதையொட்டியதே. நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் இழப்பதால் வரும் வருத்தம் நமக்குப் பெரிது. இழப்புக்கு அஞ்சும் இவ்வியல்பு சில வேளைகளில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வதுண்டு. ஆயினும் அன்றாட வாழ்வில் பணப்பையைக் காக்கும் முதற் காவலும் அதுவே.

அந்தக் காவலை மரத்துப்போகச் செய்யும் வழிகள் பல. 2001-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டனர். ஒரு சாரார் ரொக்கமாகவும், மறு சாரார் கடன் அட்டை வழியாகவும் பணம் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டது. அட்டைக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. தாள்களை எண்ணிக் கொடுக்கும்போது உணரும் சிறு வலி, அட்டையைத் தேய்க்கும்போது மங்கிவிடுகிறது. இன்று அட்டையையும் தேய்க்க வேண்டியதில்லை. விரல் நுனி போதும்.

உறங்காத இரவுக்குப் பின்

இனி உறக்கத்தைப் பற்றிப் பார்ப்போம். வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ, ஸ்காட் ஹியூட்டல் முதலிய ஆய்வாளர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் இணைந்து நடத்திய ஆய்வுகள் இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு நேரடியாகத் துணைநிற்பவை. 2007-இல் வெளியான முதல் ஆய்வில், ஓர் இரவு முழுவதும் உறங்காதவர்கள் பணம் தொடர்பான சூதாட்ட முடிவுகளை எடுத்தபோது அவர்களின் மூளை படம்பிடிக்கப்பட்டது. துணிகரமான தேர்வுகளைச் செய்தபோது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் இயக்கம் மிகுந்திருந்தது. இழப்பு நேர்ந்தபோது இன்சுலாவின் எதிர்வினை குறைந்திருந்தது. அதாவது விலையைப் பார்க்கும்போது எந்த இரு பகுதிகள் தராசின் இரு தட்டுகளாக இருந்தனவோ, அவ்விரண்டையும் உறக்கமின்மை தொட்டுவிடுகிறது. ஆசைத் தட்டு கனக்கிறது. வலித் தட்டு இலேசாகிறது.

அதே ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட இரண்டாம் ஆய்வில் 29 பேர் பங்கேற்றனர். நன்கு உறங்கியிருந்தபோது இழப்பைக் குறைக்க முயன்றவர்கள், உறங்காத இரவுக்குப் பின் ஆதாயத்தைப் பெருக்கும் வழியை நாடினர். மற்றொரு செய்தியும் அதில் உண்டு. உறங்காதவர்களின் கவனம் சிதறுவது எல்லோரும் அறிந்ததே. ஆனால் கவனம் எவ்வளவு சிதறியது என்பதற்கும், பண முடிவுகள் எவ்வளவு மாறின என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே கடுங்காப்பி குடித்துக் கண்களை விரியத் திறந்து வைத்திருப்பவரும், தெளிவோடிருப்பதாகவே நம்பிக்கொண்டு, ஆசையின் பக்கம் சாய்ந்திருக்கக் கூடும். அந்த மருத்துவமனை நடைகூடத்தில் நானும் மூன்று கோப்பை காப்பி குடித்திருந்தேன்.

கடைத்தெருவிலும் இதைக் காணலாம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 14 ஆடவர்களுக்குக் குறிப்பிட்ட தொகை கொடுக்கப்பட்டு, உணவுப் பொருள்களை வாங்கச் சொல்லப்பட்டது. ஒருமுறை நன்கு உறங்கிய பின்னரும், மற்றொரு முறை இரவு முழுவதும் விழித்திருந்த பின்னரும் அவர்கள் வாங்கினர். பசியால் அள்ளிக்கொள்ளக் கூடாதென்று இருமுறையும் முதலில் காலை உணவு தரப்பட்டது. விழித்திருந்த பின் அவர்கள் வாங்கிய உணவு எடையில் 18 சதவீதமும், கலோரியில் 9 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அதே ஆண்டில் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ வாக்கர் குழுவினர் 23 பேரின் மூளையைப் படம்பிடித்தனர். உறக்கமிழந்தவர்களுக்கு உணவுப் படங்களைக் காட்டியபோது, நிதானித்து மதிப்பிடும் முன்மூளைப் பகுதிகள் மங்கின. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா பொங்கியது. கொழுப்பும் இனிப்பும் மிகுந்தவற்றின் மீது நாட்டம் கூடியது.

இவ்வாய்வுகளை அளவுக்கு மீறி உயர்த்திப் பேசுவது முறையாகாது. பங்கேற்றவர்கள் சிலரே. ஓர் இரவு முழுவதும் விழித்திருப்பதும், நாள்தோறும் ஒரு மணி நேரம் குறைவாக உறங்குவதும் ஒன்றல்ல. மூளையின் ஒரு பகுதி பல பணிகளைச் செய்வதால், வண்ணப்படத்தைப் பார்த்து ஒருவரது எண்ணத்தைப் படித்துவிட முடியாது. வாடிக்கையாளரின் மூளையில் "வாங்கும் பொத்தான்" இருப்பதாக விளம்பர ஆலோசகர்கள் பேசுவதை ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். ஆயினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது அதைப் புறந்தள்ளுவதும் அறிவுடைமையாகாது.

உறக்கக் கடன்

எவ்வளவு உறங்க வேண்டும்? 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேரமும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரமும் தேவை என்று அமெரிக்காவின் தேசிய உறக்க அறக்கட்டளை 2015-இல் பரிந்துரைத்தது. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. "எனக்கு ஐந்து மணி நேரமே போதும்" என்று பெருமையாகச் சொல்பவர்களை அலுவலகங்களில் நிறையக் கண்டிருக்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அந்தப் பெருமையை 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெளியான ஓர் ஆய்வு அசைத்தது. ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கெஸ் முதலியோர் நலமான இளைஞர்களைப் பிரித்து, நாளொன்றுக்கு 4, 6 அல்லது 8 மணி நேரம் என இரு வாரங்கள் உறங்க வைத்தனர். 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் செயல்திறன் நாளுக்கு நாள் சரிந்தது. இரு வாரங்களின் முடிவில் அது, ஓரிரு இரவுகள் அறவே உறங்காதவர்களின் நிலைக்குத் தாழ்ந்தது. ஆனால் தங்களுக்குச் சிறிதளவே உறக்கக் கலக்கம் இருப்பதாகத்தான் அவர்கள் கூறினர்.

உறக்க ஆய்வாளர்கள் இதை "உறக்கக் கடன்" என்கிறார்கள். வங்கிக் கடனைவிட இது ஒருவகையில் கொடியது. வங்கிக் கடனுக்கு மாதந்தோறும் கணக்கறிக்கை வரும். உறக்கக் கடன் சேர்வதைக் கடனாளியே அறிவதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வந்து உறக்கத்தைத் தூண்டுகிறது. காப்பியிலுள்ள காஃபீன், அடினோசின் வந்து அமரும் இடங்களைத் தான் பிடித்துக்கொண்டு அதன் குரலை அடக்கிவிடுகிறது. அடினோசின் அங்கேயே இருக்கிறது. பேரேட்டை மூடி வைத்தால் கடன் தீர்ந்துவிடுமா? அதை நேர்செய்வது உறக்கம் மட்டுமே.

வங்கி உறங்காத காலம்

நான் பணியில் சேர்ந்த காலத்தில் பிற்பகலோடு காசாளர் முகப்பு மூடிவிடும். அதன்பின் ஒருவர் எவ்வளவு ஆத்திரமும் ஆசையும் கொண்டாலும் மறுநாள் காலை வரை காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பை அன்று எல்லோரும் குறையாகவே கருதினோம். அதில் பெருங்குறையும் இருந்தது. மருத்துவச் செலவுக்கு நள்ளிரவில் பணம் அனுப்ப முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன்.

அக்குறை இன்று நீங்கிவிட்டது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இந்தியாவின் பணப் பரிமாற்ற அமைப்பு உலகமே பார்த்து வியக்கும் சாதனை. அதைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை.

ஆனால் வங்கி உறங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதே தவிர, வாடிக்கையாளரின் மூளை கற்றுக்கொள்ளவில்லை. பழைய வங்கி நேரம் தன்னையறியாமல் ஒரு வேலையைச் செய்துவந்தது. மாலையில் எழுந்த ஆசைக்கும் மறுநாள் போடும் கையொப்பத்திற்கும் இடையில் அது ஓர் உறக்கத்தை வைத்தது. அந்த உறக்கத்தை இப்போது நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரல் நுனியில் பணம் செலுத்தும் வசதி இழப்பின் வலியைக் குறைக்கிறது. உறக்கமின்மையும் அதையே குறைக்கிறது. நள்ளிரவில் இவ்விரண்டும் ஒன்றுசேரும்போது காவலே இல்லாத வீடாகிவிடுகிறது நம் கணக்கு.

இதை நன்கு அறிந்தவர்கள் மோசடிக்காரர்கள். "டிஜிட்டல் கைது" என்ற பெயரில் மிரட்டுவோர், முதியவர்களைக் காணொளி அழைப்பிலேயே மணிக்கணக்கில், சில வேளைகளில் இரவு முழுவதும் இருத்திவைக்கிறார்கள். யாரோடும் பேசவிடாமலும் உறங்கவிடாமலும் செய்து, பிறகு பணத்தைக் கேட்கிறார்கள். அப்படியொரு கைதுக்கு நம் சட்டத்தில் இடமே இல்லை. எனினும் களைப்பும் அச்சமும் ஒன்றுசேர்ந்த வேளையில், படித்தவர்களும் பெரும்பதவி வகித்தவர்களும் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைப் பேதைகள் என்று எள்ளுவோர் மூன்று இரவு விழித்திருந்து பார்க்கட்டும்.

சட்டம் தரும் காலைப்பொழுது

என் கடனுக்கு என்ன ஆயிற்று? இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கடன் பெற்றவர் குறிப்பிட்ட கால அவகாசத்திற்குள் மனம் மாறினால், அசலையும் அந்நாட்களுக்குரிய வட்டியையும் செலுத்தி, அபராதமின்றிக் கடனிலிருந்து விலகிக்கொள்ளலாம். முன்பே தெரிவித்திருந்தால், நியாயமான செயலாக்கக் கட்டணத்தை மட்டும் நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம். 2025-இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளிலும் இவ்வுரிமை தொடர்கிறது. அவகாசம் ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. கடனின் முக்கிய விவரக் குறிப்பில் இந்த அவகாசமும், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு சதவீத விகிதமும் இருக்க வேண்டும். என் கடனுக்கு மூன்று நாள் என்று குறிக்கப்பட்டிருந்தது. வைப்புத்தொகையின் பேரில் கடன் பெற்று, இரண்டாம் நாளே அதை அடைத்து வெளியேறினேன்.

ஆழ்ந்து நோக்கினால், இரவின் மனிதர் போட்ட கையொப்பத்தைக் காலையின் மனிதர் மறுபரிசீலனை செய்யலாம் என்பதே இவ்விதியின் பொருள். இதே எண்ணம் வேறு சில விதிகளிலும் உண்டு. ஓராண்டுக்குக் குறையாத ஆயுள், மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களை, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, வேண்டாமெனில் திருப்பித் தரலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைச் சூழ்ச்சி வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. "இன்னும் இரண்டே உள்ளன", "சலுகை இன்றிரவோடு முடிகிறது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அப்பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. இத்தகைய வலையில் சிக்கியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

யார் என்ன செய்யலாம்?

வாடிக்கையாளருக்கு நான் சொல்ல விரும்புவது எளிது. உங்களுக்கென்று ஒரு தொகையை வகுத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாயோ 50,000 ரூபாயோ, அது உங்கள் வருவாயைப் பொறுத்தது. அதற்கு மேற்பட்ட எந்தச் செலவையும், எந்தக் கடனையும், எந்த முதலீட்டையும் இரவு உணவுக்குப் பின் முடிவு செய்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கூடையில் சேர்த்து வையுங்கள். கடன் விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்துங்கள். காலையிலும் வேண்டுமென்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 ஆணைப்படி, உங்கள் அட்டையின் இணையப் பயன்பாட்டை நீங்களே நிறுத்தவும், திறக்கவும், வரம்பு குறிக்கவும் முடியும். படுக்கைக்குச் செல்லுமுன் கதவைத் தாழிடுவதைப் போல அதையும் செய்யலாம். கைபேசியை வேறு அறையில் வைத்தால் பணத்தோடு உறக்கமும் மிஞ்சும்.

ஒன்று மட்டும் காலைக்காகக் காத்திருக்கக் கூடாது. கணக்கிலிருந்து பணம் திருட்டுப்போனது தெரிந்தால், எந்நேரமாயினும் உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

ஆனால் வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இரவுப் பணியிலிருக்கும் செவிலியர், நெடுஞ்சாலையில் சரக்குந்து ஓட்டுபவர், மூன்று முறைமாற்றுப் பணியில் ஆலைக்குச் செல்பவர், கைக்குழந்தையின் தாய், நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவர் ஆகியோரிடம் "எட்டு மணி நேரம் உறங்குங்கள்" என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? அவர்களுக்குத்தான் பணத்தின் தேவையும் மிகுதி. நள்ளிரவு அறிவிப்புகள் சென்று சேர்வதும் அவர்களிடமே. உறக்கம் வாய்க்காதவரைக் காப்பதற்கு, அவர் பயன்படுத்தும் சேவையின் அமைப்பிலேயே சிறிது நிதானம் இருக்க வேண்டும்.

ஆகவே வங்கிகளுக்கு, என்னை வளர்த்த துறை என்ற உரிமையோடு, மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, விரும்பும் வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுக்கும் "இரவுப் பூட்டு" வேண்டும். அவர் குறித்த நேரத்தில் பெருந்தொகைப் பரிமாற்றமும் புதுக்கடன் ஒப்புதலும் நிகழக் கூடாது. மருத்துவம் போன்ற அவசரத்திற்கு அதைத் திறக்கும் வழியும் இருக்க வேண்டும். புதிய பயனாளியைச் சேர்த்தவுடன் சில மணி நேரத்திற்கு வரம்பு விதிக்கும் வழக்கம் பல வங்கிகளில் ஏற்கெனவே உண்டு. அதன் நீட்சியே இது. இரண்டாவது, கடன் விளம்பர அறிவிப்புகளை இரவில் அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு நிறுவனமும் தானே உறுதி ஏற்கலாம். மூன்றாவது, இரவில் பெற்ற கடனுக்கு மறுநாள் காலையில் ஒரு குறுஞ்செய்தி செல்லட்டும்: நீங்கள் பெற்ற கடன் இவ்வளவு, ஆண்டு விகிதம் இவ்வளவு, விலகிக்கொள்ள இன்ன நாள் வரை உரிமை உண்டு. சில கடன்கள் கைநழுவிப் போகலாம். ஆனால் காலையிலும் வேண்டுமென்று தோன்றாத கடன், பின்னாளில் வாராக்கடனாகும் வாய்ப்பும் உள்ளதுதான் என்பதைக் கடன் பிரிவில் பணியாற்றிய எவரும் மறுக்க மாட்டார்.

2012-இல் நம் உச்ச நீதிமன்றம் ராம்லீலா மைதான வழக்கின் தீர்ப்பில், அமைதியாக உறங்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று கருதியது. இரவில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது நடந்த காவல்துறை நடவடிக்கையைப் பற்றிய வழக்கு அது. தடியோசையால் மட்டும் உறக்கம் கலைவதில்லை. தலையணை அருகில் ஒளிரும் ஒரு சிறு அறிவிப்பும் அதைக் கலைக்கிறது என்பதை நாம் இப்போது எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் துணைவியார் நலமாக இருக்கிறார். அவருக்கு அந்த 4 இலட்சம் ரூபாயின் கதையைச் சொன்னபோது, "முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சொன்னீர்களே" என்று சிரித்தார். இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவில் யாருக்கு எது வாங்கத் தோன்றினாலும், சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம். காலையில் காப்பி குடிக்கும்போது அதைப் படிக்கிறோம். பாதிக்கு மேற்பட்டவற்றை யார் எழுதியது என்று கேட்டால், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறோம்.